கோ விளையாட்டை ஒரு தொடக்கநூலை வைத்துக்கொண்டு கற்க முடியுமா?

கேள்வி இதுதான்: "எனக்குச் சதுரங்கம் ஓரளவு வரும். பழைய புத்தகக் கடையில் கோ விளையாட்டுக்கான ஆங்கிலத் தொடக்கநூல் ஒன்று கிடைத்தது. விதிகள் ஒரு மணி நேரத்தில் புரிந்துவிட்டன. ஆனால் நாற்பதாம் பக்கத்துக்கு மேல் படங்களில் எண்கள்தான் தெரிகின்றன, எதுவும் மனத்தில் நிற்கவில்லை. எங்கள் ஊரில் இதை ஆடத் தெரிந்தவர் எவரும் இல்லை. புத்தகத்தை மட்டும் நம்பித் தொடரலாமா, விட்டுவிடலாமா?"

தொடரலாம். ஆனால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படித்து முடித்துவிட்டு, அதற்குப் பிறகு ஆட உட்காரலாம் என்று எண்ணினால் நடக்காது. நீங்கள் நின்றுபோன இடம் ஏறக்குறைய எல்லோரும் நின்றுபோகும் இடம்தான்; அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை. தொடக்கநூல் எழுதுபவர்கள் விதிகளை முடித்த கையோடு உத்திகளுக்குப் போய்விடுகிறார்கள். அந்த இரண்டு அத்தியாயங்களுக்கும் இடையில் வாசகர் முப்பது நாற்பது ஆட்டங்களாவது ஆடி, அவற்றில் பெரும்பாலானவற்றில் தோற்றிருப்பார் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஆடியிராதவருக்கு நாற்பதாம் பக்கத்துப் படம், கேட்காத கேள்விக்கு வந்த விடை போலத்தான் இருக்கும். ஆகவே நூலை எந்தப் பக்கத்தில் மூட வேண்டும், எப்போது திரும்பத் திறக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில், விதிகள் உண்மையிலேயே புரிந்துவிட்டனவா என்று பார்த்துவிடுவோம். கோ சீனாவில் பிறந்தது. அங்கே அதன் பெயர் வெய்ச்சி, அதாவது சுற்றி வளைக்கும் ஆட்டம். கொரியாவில் பாதுக் என்றும் ஜப்பானில் இகோ என்றும் வழங்குகிறது. மேலை நாடுகள் இதை ஜப்பானியரிடமிருந்து கற்றதால் பெயரும் கலைச்சொற்களும் ஜப்பானிய மொழியிலேயே நிலைத்துவிட்டன; உங்கள் நூலில் அடாரி, ஜோசெகி, சென்தே என்று வருவதெல்லாம் அதனால்தான். முழுப் பலகையில் குறுக்கும் நெடுக்கும் 19 கோடுகள், அவை வெட்டும் புள்ளிகள் 361. கறுப்பு முதலில் வைக்கும், பிறகு வெள்ளை, இப்படி மாறி மாறி ஒவ்வொரு கல். கல் கட்டத்துக்குள் அமராது, கோடுகள் வெட்டும் புள்ளியில்தான் அமரும். சதுரங்கம் பழகிய கை முதல் நாள் கட்டத்துக்குள் வைக்கத்தான் போகும்.

இந்த இடத்தில் உங்களுக்குச் சதுரங்க அறிவைவிட, சின்ன வயதில் திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் கீறி ஆடிய ஆடுபுலி ஆட்டம்தான் அதிகம் உதவும். அதிலும் காய்கள் கோடுகள் கூடும் இடத்தில்தான் நிற்கின்றன; ஆடுகள் கையிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கப்படுகின்றன; நகர வழியில்லாமல் புலியை அடைத்துவிட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. வளைத்து அடைப்பது என்ற எண்ணம் நமக்குப் புதியதல்ல. வேறுபாடு இரண்டே. கோ ஆட்டத்தில் ஒருமுறை வைத்த கல் நகராது. அடைபட்ட கல் பலகையிலேயே நிற்காமல் எதிராளியின் கைக்குப் போய்விடும்.

ஒரு கல்லைத் தொட்டு நிற்கும் வெற்றுப் புள்ளிகளை ஆங்கில நூல்கள் லிபர்ட்டி என்கின்றன. சீனர்கள் அதற்கு மூச்சு என்று பொருள்படும் சொல்லை வைத்திருக்கிறார்கள், தமிழில் சொல்லும்போது எனக்கும் அதுவே பிடித்திருக்கிறது. பலகையின் நடுவில் நிற்கும் தனிக் கல்லுக்கு நான்கு மூச்சு, ஓரத்தில் நிற்பதற்கு மூன்று, மூலையில் நிற்பதற்கு இரண்டு. கோட்டின் வழியாக ஒட்டி நிற்கும் ஒரே நிறக் கற்கள் ஒரு தொடராகி, மூச்சைப் பகிர்ந்துகொள்கின்றன. நடுவில் ஒட்டி நிற்கும் இரண்டு கற்களுக்கு ஆறு மூச்சு. மூலைவிட்டமாக நிற்பவை தொடராகா. கடைசி மூச்சையும் எதிராளி அடைத்துவிட்டால் தொடர் முழுவதும் பலகையை விட்டு எடுக்கப்படும். ஒரே மூச்சு மிஞ்சியிருக்கும் நிலைக்குத்தான் அடாரி என்று பெயர். 1972இல் தொடங்கிய வீடியோ விளையாட்டு நிறுவனம் தன் பெயரை இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. மூச்சே இல்லாத இடத்தில் கல் வைக்கலாகாது. ஆனால் அப்படி வைப்பதாலேயே எதிராளியின் கற்கள் சிறைப்படுமானால் வைக்கலாம்.

இந்தக் கடைசி விதியிலிருந்துதான் ஆட்டத்தின் உயிர்நாடியான 'இரண்டு கண்' பிறக்கிறது. நூல் இதை ஒரு பக்கத்தில் சொல்லி முடித்துவிடும். படிக்கும்போது தலையும் ஆடும். அது உண்மையில் புரிவதற்கு நான் ஏழு கற்களைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது. இதைப் பலகையில் வைத்தே பாருங்கள். இடது ஓரக் கோட்டில் கீழிருந்து இரண்டாவது புள்ளியிலும் நான்காவது புள்ளியிலும் ஒவ்வொரு கறுப்புக் கல். அதற்கு அடுத்த கோட்டில் கீழிருந்து முதல் நான்கு புள்ளிகளிலும் நான்கு கறுப்புக் கற்கள். ஆக ஆறு கற்கள். உள்ளே இரண்டு வெற்றுப் புள்ளிகள், அதாவது இரண்டு கண்கள், இருக்கும்: ஒன்று மூலை, மற்றொன்று ஓரக் கோட்டில் மூன்றாவது புள்ளி. வெள்ளை வெளியே முழுவதும் சூழ்ந்துகொண்டாலும் இந்த ஆறு கற்களை எடுக்க முடியாது, ஏனென்றால் எந்தப் புள்ளியில் வைத்தாலும் வெள்ளைக் கல்லுக்கு மூச்சு இருக்காது, மற்றொரு புள்ளி கறுப்புக்கு மூச்சாக எஞ்சி நிற்கும். நான் என்ன செய்தேன் என்றால், வெளியே சூழ்ந்திருந்த வெள்ளைக் கற்களைப் பார்த்துப் பயந்து, 'ஓட்டையை அடைத்துவிடுவோம்' என்று மூலையில் நானே ஒரு கல்லை வைத்தேன். எதிரில் இருந்தவர் ஒன்றும் பேசாமல் மூன்றாவது புள்ளியில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்து, ஏழு கற்களையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டார். வீட்டுச் சன்னலைச் செங்கல் வைத்து நானே அடைத்துக்கொண்ட கதை. கண் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

விதிகளில் எஞ்சியிருப்பது ஒன்று. ஒரு கல்லை நான் எடுக்க, உடனே அதே இடத்தில் என் கல்லை நீங்கள் எடுக்க, மறுபடி நான் எடுக்க என்று முடிவின்றிப் போகக்கூடிய ஒரு நிலை உண்டு. அதைத் தடுக்க, உடனடியாகத் திரும்ப எடுக்கக் கூடாது, இடையில் ஒரு முறையாவது வேறிடத்தில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்கிறது விதி. இதன் ஜப்பானியப் பெயரும் 'கோ'தான். நம் எழுத்தில் வல்லினத்துக்கு ஒரே வடிவம் என்பதால் விளையாட்டின் பெயரும் விதியின் பெயரும் தமிழில் ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் அந்தச் சொல்லின் வரலாறு நமக்கு வழி காட்டுகிறது. முடிவற்ற ஊழிக்காலத்தைக் குறிக்கும் கல்பம் என்ற வடசொல் பௌத்த நூல்களோடு சீனா சென்று, அங்கே சுருங்கி, ஜப்பானில் 'கோ' என்ற ஒலியைப் பெற்றது. ஆகவே நான் இதைக் கல்பம் என்றே சொல்லிவிடுகிறேன். கல்பத்தை வைத்துப் போராடும் கலை பெரியது, இப்போது வேண்டாம். விதி மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

இங்கே நூலை மூடுங்கள். உங்கள் நூலில் இது இருபதாம் பக்கமோ முப்பதாம் பக்கமோ இருக்கும்.

இனிப் பலகை. 19 கோட்டுப் பலகையைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். இருநூறு கல் வைத்த பிறகும் யார் முன்னால் இருக்கிறார் என்றே தெரியாமல் ஆடுவதில் கற்க ஒன்றுமில்லை. ஓர் அட்டையில் ஒன்பதுக்கு ஒன்பது கோடு போட்டுக்கொள்ளுங்கள், 81 புள்ளிகள். கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்குச் சோழி, ஆளுக்கு நாற்பது போதும். ஜப்பானில் கறுப்புக் கல்லை ஒருவகைக் கரும்பாறையிலும் வெள்ளைக் கல்லைக் கிளிஞ்சலிலும் செய்வது மரபு. அதிலும் ஒரு நுட்பம் பாருங்கள்: வெள்ளை எப்போதும் கண்ணுக்குச் சற்றுப் பெரிதாகத் தோன்றும் என்பதால், இரண்டும் ஒரே அளவாகத் தெரியட்டும் என்று கறுப்புக் கல்லைக் கடுகளவு பெரிதாகக் கடைகிறார்கள். நம் புளியங்கொட்டையும் சோழியும் அந்த அளவுக்கு ஒத்துவராவிட்டாலும் ஆட்டம் கெடாது.

ஊரில் ஆள் இல்லை என்கிறீர்கள். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தாலும் போதும். ஜப்பானில் குழந்தைகளுக்குக் கற்பிக்கும்போது முழு ஆட்டத்தைத் தொடாமல், 'முதலில் ஒரு கல்லைச் சிறைபிடிப்பவர் வென்றார்' என்ற சுருக்க ஆட்டத்திலிருந்து தொடங்குவதுண்டு. வளைத்த வெற்றுப் புள்ளிகளாகிய நிலம், கண், கணக்கு எதுவும் வேண்டாம், மூச்சை எண்ணத் தெரிந்தால் போதும். ஓர் ஆட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இதைப் பெரியவர்கள் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குவது தவறு, ஏனென்றால் நாற்பதாம் பக்கத்துக்கு மேல் நீங்கள் காணப்போகும் படங்களில் பாதி, எந்தத் தொடருக்கு மூச்சு குறைவு என்று ஒரே பார்வையில் கண்டுகொள்ளும் கண்ணை எதிர்பார்த்து வரையப்பட்டவை. பத்துப் பதினைந்து முறை இப்படி ஆடிவிட்டு முழு ஆட்டத்துக்கு வாருங்கள். 'முதல் ஐம்பது ஆட்டங்களை எவ்வளவு விரைவில் தோற்க முடியுமோ அவ்வளவு விரைவில் தோற்றுவிடு' என்பது கோ ஆடுபவர்களிடையே வழங்கும் அறிவுரை. அதற்கு இணையமும் உதவும். ஆன்லைன் கோ சர்வர் போன்ற தளங்களில் ஒன்பது கோட்டுப் பலகையில் கட்டணமின்றி ஆடலாம்.

முழு ஆட்டத்துக்கு வந்ததும் முதலில் இடறும் இடம், ஆட்டம் எப்போது முடிகிறது என்பதுதான். சதுரங்கத்தில் அரசன் மாட்டிக்கொண்டால் முடிந்தது. கோ ஆட்டத்தில் அப்படி ஒரு மணி அடிப்பதில்லை. இனி வைத்துப் பயனில்லை என்று கருதுபவர் 'பாஸ்' என்று தன் முறையை விட்டுக்கொடுக்கிறார். இருவரும் அடுத்தடுத்து விட்டுக்கொடுத்தால் முடிவு. பிறகு நிலத்தை எண்ண வேண்டும்; கணக்கு அதிகம் உள்ளவருக்கு வெற்றி. இங்கேதான் ஜப்பானிய மரபைப் பின்பற்றும் நூல்கள் புதியவரைத் திணறடிக்கின்றன. அந்த முறையில், வளைத்த வெற்றுப் புள்ளிகளோடு சிறைபிடித்த கற்களையும் கூட்ட வேண்டும். உங்கள் நிலத்துக்குள் எதிராளியின் கல் ஒன்று அகப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இன்னும் மூன்று மூச்சு இருக்கிறது. 'அது செத்த கல், அப்படியே எடுத்துவிடலாம்' என்கிறது நூல். மூச்சு இருக்கும்போது எப்படிச் சாகும் என்று வாசகர் கேட்கிறார். அது நியாயமான கேள்வி. தொடர்ந்து ஆடினால் அந்தக் கல்லால் எவ்வகையிலும் இரண்டு கண் அமைக்க முடியாது, ஆகவே செத்தது. சரி, அப்படியானால் வைத்தே காட்டுகிறேன் என்று நீங்கள் மூன்று கல் வைத்து எடுத்தால், எதிராளி ஒவ்வொரு முறையும் 'பாஸ்' என்று சொல்லிவிட, உங்கள் நிலத்தை நீங்களே நிரப்பி மூன்று புள்ளி இழந்திருப்பீர்கள். உண்மையை நிறுவப்போய்த் தண்டம் கட்டிய கதை. எது செத்தது, எது உயிரோடிருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்த முறை பொருந்தும். அது தெரியாததால்தானே தொடக்கநூலையே வாங்கினோம்?

ஆகவே நூல் என்ன சொன்னாலும் முதல் சில மாதங்களுக்குச் சீன முறையில் எண்ணுங்கள் என்பது என் பரிந்துரை. பலகையில் உயிரோடு நிற்கும் உங்கள் கற்கள், அவை வளைத்த வெற்றுப் புள்ளிகள், இரண்டின் கூட்டுத்தொகைதான் உங்கள் கணக்கு. சிறைக் கற்களை எண்ண வேண்டியதில்லை. சொந்த நிலத்தில் கல் வைத்தால் ஒரு வெற்றுப் புள்ளி போய் ஒரு கல் வருகிறது, கணக்கு மாறாது. ஆகவே ஐயம் வந்தால் பொது இடமெல்லாம் நிரம்பிய பிறகு வைத்தே தீர்த்துக்கொள்ளலாம். ஒன்பது கோட்டுப் பலகையில் இன்னொரு வசதி, மொத்தம் 81 என்பதால் ஒருவருடையதை எண்ணினால் போதும். கறுப்புக்கு 44 என்றால் வெள்ளைக்கு 37, கறுப்பு ஏழு புள்ளியில் வெற்றி. இரண்டு முறைகளிலும் முடிவு பெரும்பாலும் ஒன்றாகவே வரும். வேறுபட்டாலும் வழக்கமாக ஒரு புள்ளிக்குள்தான் இருக்கும். ஆகவே பின்னால் ஜப்பானிய முறைக்கு மாறுவதில் இடைஞ்சல் எதுவும் இல்லை.

முப்பது ஆட்டம் முடிந்ததா? இப்போது நூலைத் திறந்து, முன்பு நின்றுபோன பக்கத்துக்குச் செல்லுங்கள். படங்களைப் பார்க்கும் முறையைப் பற்றி ஒரு சொல். கல்லின் மேல் அச்சிட்ட எண் வைக்கப்பட்ட வரிசையைக் காட்டுகிறது. ஒரே படத்தில் இருபது எண்கள் இருந்தால், அது ஒரு படமல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இருபது படங்கள். கண்ணால் மட்டும் ஒன்று, இரண்டு என்று தேடிக்கொண்டு போனால் எண்ணைத் தேடுவதிலேயே கவனம் செலவாகிவிடும். எண்ணில்லாத கற்களை முதலில் பலகையில் அடுக்கி, பிறகு எண்களின்படி ஒவ்வொன்றாக வையுங்கள். ஒவ்வொரு கல்லை வைப்பதற்கு முன்னும் 'நான் எங்கே வைத்திருப்பேன்' என்று ஒரு நொடி நின்று யோசியுங்கள். படத்தின் அடியில் 'பன்னிரண்டு, ஏழின் இடத்தில்' என்பது போன்ற குறிப்பு இருந்தால், ஏழாவது கல் இடையில் சிறைபட்டுப் போய், காலியான அதே புள்ளியில் பன்னிரண்டாவது கல் வந்தது என்று பொருள். இந்தக் குறிப்பைப் பார்க்காமல் விட்டுவிட்டுப் பன்னிரண்டைத் தேடி ஒரு மாலைப் பொழுதையே தொலைத்தவன் நான்.

அந்த அத்தியாயங்களில் முதலில் ஏணியைப் படியுங்கள். ஒற்றை மூச்சோடு இருக்கும் கல் ஓர் அடி நீண்டால் இரண்டு மூச்சு கிடைக்கும். துரத்துபவர் அதில் ஒன்றை அடைக்க, மறுபடி ஒற்றை மூச்சு. ஓடுபவர் மறுபக்கம் திரும்பி நீள, துரத்துபவர் மறுபக்கம் அடைக்க, படிக்கட்டு போல மூலைவிட்டமாக ஓடிக்கொண்டே போய், பலகையின் ஓரத்தில் இனி நீள இடமில்லாமல் அத்தனை கற்களும் ஒட்டுமொத்தமாகச் சிறைபடும். ஆனால் அந்தப் பாதையில் எங்கோ ஓடுபவரின் கல் ஒன்று முன்பே உட்கார்ந்திருந்தால் அதைத் தொட்டதும் மூச்சு மூன்றாகிவிடும், அத்தோடு துரத்தல் முறிந்தது. அப்போது துரத்தியவரின் கற்கள் ஒன்றோடொன்று இணையாமல் வழிநெடுக வெட்டுப்படக் காத்திருக்கும். ஏணி தெரியாதவன் கோ ஆட வேண்டாம் என்ற பழமொழி இருப்பது இதற்காகத்தான்: பலிக்கும் ஏணியில் ஓடினாலும் அழிவு, பலிக்காத ஏணியில் துரத்தினாலும் அழிவு. குறுக்கே கல் இல்லாமல் ஒருமுறை, கல்லோடு ஒருமுறை, கடைசிவரை பலகையில் வைத்துப் பாருங்கள். படத்தில் பத்து முறை பார்ப்பதற்கு அது ஈடாகும். ஓடவே விடாமல் ஓர் அடி தள்ளி நின்று மறிக்கும் வலை என்ற உத்தி அடுத்து வரும். ஏணி புரிந்தவருக்கு அது தானாகவே புரியும்.

அடுத்தது உயிரும் சாவும். சூழப்பட்ட ஒரு தொடரின் உள்ளே மூன்று வெற்றுப் புள்ளிகள் ஒரே வரிசையில் இருந்தால், நடுப்புள்ளியை யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்குச் சாதகம்: உரியவர் எடுத்தால் இரண்டு கண், எதிராளி எடுத்தால் சாவு. நான்கு வரிசையாக இருந்தால் கவலையில்லை, நடுவிலுள்ள இரண்டில் ஒன்றை எதிராளி எடுத்தால் மற்றதை நாம் எடுத்துக்கொள்ளலாம். அதே நான்கு புள்ளிகள் சதுரமாக இருந்தால், நாமே முதலில் வைத்தாலும் பிழைக்க முடியாது. இந்த மூன்று வடிவங்களையும், ஏன் அப்படி என்பதையும் கையால் வைத்து உறுதிசெய்துகொண்டால், நூலின் அந்த அத்தியாயத்தில் பாதி உங்களுடையதாகிவிடும். இங்கே ஒரு எச்சரிக்கை. விளக்கப் படங்களைக் கல் வைத்துப் பாருங்கள் என்றேன். புதிர்களுக்கு அது பொருந்தாது. 'கறுப்பு வைத்துப் பிழைக்க வேண்டும்' என்ற புதிரைக் கல்லைத் தொடாமல், விடையையும் பார்க்காமல், மனத்துக்குள்ளேயே தீர்க்க முயல வேண்டும். ஆட்டத்தில் கல்லை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுக்க யாரும் விடமாட்டார்கள் அல்லவா?

மனத்தில் எதுவும் நிற்கவில்லை என்றீர்களே, அதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பரவலாகப் படிக்கப்பட்ட ஒரு தொடக்கநூலை எழுதிய இவாமோட்டோ கவோரு, ஜப்பானின் ஹோனின்போ பட்டத்துக்காக ஹஷிமோட்டோ உட்டாரோவோடு 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவின் புறநகரான இட்சுகாய்ச்சியில் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் மூன்றாம் நாள் ஆகஸ்ட் 6. அன்று காலை எட்டேகாலுக்கு அணுகுண்டு விழுந்தது. அதிர்ச்சியில் கற்கள் சிதறின, கட்டடம் சேதமடைந்தது. பிறகு நிலையைத் திரும்ப அடுக்கி அன்றே ஆட்டத்தை முடித்தார்கள். வெள்ளையை ஆடிய ஹஷிமோட்டோ ஐந்து புள்ளியில் வென்றார். சிதறிய அத்தனை கற்களையும் எப்படித் திரும்ப அடுக்க முடிந்தது என்று நாம் வியக்கிறோம். ஆனால் ஆடத் தெரிந்தவருக்கு ஒவ்வொரு கல்லும் முந்தைய கல்லுக்குச் சொன்ன பதில். உரையாடல் நினைவில் நிற்பது போல அது நிற்கும். நமக்கு அந்த அளவு தேவையில்லை. ஒன்பது கோட்டு ஆட்டம் முடிந்ததும் பலகையைக் கலைத்துவிட்டு முதல் பத்துக் கற்களை மட்டும் திரும்ப வைத்துப் பாருங்கள். எந்தக் கல்லில் நினைவு தடுக்குகிறதோ, அதை ஏன் வைத்தோம் என்று தெரியாமலே வைத்திருப்பீர்கள். நூலில் எந்த அத்தியாயத்தைத் திரும்பப் படிக்க வேண்டும் என்பதை அந்தக் கல்லே சொல்லிவிடும்.

தொடக்க ஆட்டம் பற்றிய அத்தியாயத்தைப் பெரிய பலகைக்குப் போகும்போது படித்தால் போதும். அதன் சாரம் ஒரு கணக்கில் அடங்கும். ஒன்பது புள்ளி நிலத்தை மூலையில் வளைக்க ஆறு கற்கள், ஓரத்தில் வளைக்க ஒன்பது, நடுவில் வளைக்கப் பன்னிரண்டு. தங்க மூலை, வெள்ளி ஓரம், புல் வயிறு என்று சீனர்கள் சொல்வது இதைத்தான். மூலைக்கு அடுத்து ஓரம், ஓரத்துக்குப் பிறகு நடு என்ற ஒழுங்கு தெரிந்தாலே முதல் இருபது கற்களைக் கூச்சமின்றி வைக்கலாம்.

ஜோசெகி என்று மூலையில் இரு தரப்பும் ஆடும் நிலைபெற்ற வரிசைகளின் பட்டியல் ஒன்று பெரும்பாலும் நூலின் பின்பகுதியில் இருக்கும். அதை மனப்பாடம் செய்யாதீர்கள். வாய்ப்பாடு போல ஒப்பித்து வைத்தால், எதிராளி மூன்றாவது கல்லைப் பட்டியலுக்கு வெளியே வைத்ததும் கை நடுங்கும். அதோடு பழைய நூல்களில் காலம் கடந்துபோன பகுதியும் இதுவே. 2016 மார்ச்சில் சியோலில் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் கொரியாவின் முன்னணி ஆட்டக்காரர் லீ செடோலை நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. இரண்டாவது ஆட்டத்தின் 37ஆவது கல்லை அது ஓரத்திலிருந்து ஐந்தாவது கோட்டில் வைத்தபோது, இவ்வளவு மேலே வைக்கலாமா என்று தொழில்முறை ஆட்டக்காரர்களே திகைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த நிரல்கள், எதிராளியின் மூலையில் தொடக்கத்திலேயே மூன்றுக்கு மூன்று புள்ளியில் இறங்குவது போன்று பழைய நூல்கள் கண்டித்த பல வழக்கங்களைச் சரியென்று காட்டிவிட்டன. இரண்டாவதாக வைக்கும் வெள்ளைக்கு ஈடாகக் கொடுக்கும் கோமி என்ற புள்ளிகளும் பழைய நூல்களில் நாலரை என்றோ ஐந்தரை என்றோ இருக்கும். இன்று ஜப்பானிலும் கொரியாவிலும் ஆறரை, சீனாவில் ஏழரை. நம்மூரில் ஏழரை என்றால் சனிதான் நினைவுக்கு வரும், அங்கே அது வெள்ளைக்குக் கிடைக்கும் வரம். ஆனால் மூச்சு, கண், ஏணி, உயிர், சாவு பற்றி அந்த நூல்கள் சொல்வதில் எந்த நிரலாலும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை. ஆகவே உங்கள் நூல் பழையதாக இருந்தால் முன்பாதியை முழுக்க நம்பலாம், பின்பாதியை மட்டும் கொஞ்சம் ஐயத்தோடு படியுங்கள்.

சட்டமுறையான கோ நிலைகள் இத்தனை கோடான கோடி என்று முதல் அத்தியாயத்திலேயே மிரட்டும் நூல்களும் உண்டு. எண் உண்மைதான், 1-க்குப் பின்னால் 170 சுழியங்கள் போடும் அளவு. ஆடும்போது அது உங்களுக்கு எந்த வகையிலும் உதவப்போவதில்லை.

இரண்டாவது நூல் எப்போது வாங்கலாம் என்றும் கேட்கத் தோன்றும். ஒன்பது கோட்டுப் பலகையில் நடு ஆட்டத்திலேயே 'நான் இத்தனை புள்ளி பின்னால் இருக்கிறேன்' என்று உத்தேசமாகச் சொல்ல முடிந்து, தோற்ற ஆட்டத்தில் எந்தக் கல்லில் தோற்றோம் என்று காட்டவும் முடிந்தால், பதின்மூன்று கோட்டுப் பலகைக்கு மாறிவிட்டு அதை வாங்குங்கள். அது உத்தி நூலாகவோ ஜோசெகி அகராதியாகவோ இருக்க வேண்டாம். உயிர்–சாவுப் புதிர்கள் மட்டுமே கொண்ட, விடை பார்க்காமல் ஒன்றை ஒரு நிமிடத்துக்குள் தீர்க்க முடிகிற அளவுக்கு எளிய தொகுப்பாக இருக்கட்டும். நாளுக்கு ஐந்து புதிர், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே முடிந்துவிடும்.